பொத்துவிலுக்குத் தெற்கே தங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்தால் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். சொந்தக்காரர், அவர்களுடைய கூட்டாளிமார், கூட்டாளியின் மச்சான், அவருடைய ஒபிஸ் ஆட்கள். "உல்லையில் ரூம் போடவா, பாணமையில் போடவா? எந்த மாதம் நல்லது?" நான் கோமாரிப் பக்கம் வளர்ந்தவன் என்பதுதான் எனக்குள்ள ஒரே தகுதி. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் நொந்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அம்பாறை மாவட்டத்தின் தென்கரை, அதாவது பொத்துவில், உல்லை (அறுகம்பை), பாணமை, உகந்தை, குமணை வரைக்கும்தான் இது.

இடத்தை முதலில் முடிவு செய்வதா, மாதத்தை முதலில் முடிவு செய்வதா?

இரண்டுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. இருட்டிய பிறகு நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

இங்கே சூரியன் கடலில் எழும்பிக் காட்டுக்குள் விழும். ஏழு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. அதற்குப் பிறகு பொத்துவிலிலிருந்து மேற்கே லகுகலைக்குப் போகும் ரோட்டும் பாணமை–உகந்தைப் பாதையும் யானைக்குச் சொந்தம். வருகிறவர்கள் போடுகிற திட்டம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: பின்னேரம் லகுகலையில் யானை பார்ப்பது, இரவுச் சாப்பாடு உல்லையில், படுக்கை பாணமையில். தாளில் எழுதினால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இருட்டில் இரண்டு தரம் காட்டு ரோட்டில் ஓட வேண்டி வரும்.

நானே ஒருமுறை அந்தப் பிழையை விட்டேன். மாமா குடும்பத்தை வேனில் ஏற்றிக்கொண்டு லகுகலைக் குளத்தடியில் நின்று நின்று பார்த்து, புறப்படும்போது ஏழு மணி. ஒரு வளைவில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு தனியன் யானை. லைட் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது கால்கள் மட்டும்தான், சேறு காய்ந்து சாம்பல் பூசினது மாதிரி. டிரைவர் லைட்டைக் குறைத்து, ஹோர்ன் அடிக்காமல் மெல்லப் பின்னுக்கு எடுத்தார். அது நின்ற இடத்திலேயே நின்று ரோட்டோரப் புல்லைப் பிடுங்கி, முன்னங்காலில் தட்டித் தட்டி மண் உதிர்த்துத் தின்றுகொண்டிருந்தது. முக்கால் மணித்தியாலம். மாமி முருகா முருகா என்று சொன்னது தவிர வேனுக்குள் ஒரு சத்தமில்லை. கடைசியில் அது தன் பாட்டில் இறங்கிப் போனது.

ஆகையால் மாலையில் எதைப் பார்க்க ஆசையோ, அதன் பக்கத்திலேயே படுங்கள். காலையில் எவ்வளவு தூரமும் போகலாம்.

உல்லை, பொத்துவில், பாணமை, உகந்தை: எதில் தங்குவது?

அறுகம்பை அல்லது அறுகங்குடா என்று வரைபடத்தில் இருப்பதைத்தான் ஊரில் உல்லை என்கிறோம். பொத்துவில் டவுனிலிருந்து மூன்று கிலோமீற்றர் அளவில், களப்பின் மேலுள்ள பாலத்தைத் தாண்டினால் உல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பழைய பாலமும் அதைச் சுற்றியிருந்த வீடுகளும் அடிபட்டுப் போயின. இப்போதுள்ளது அதற்குப் பிறகு கட்டிய பாலம். காலையில் அந்தப் பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். கைவலை வீசுகிறவர்களையும் காணலாம். காசு செலவில்லாத காட்சி.

உல்லையில் எல்லா விலைக்கும் ரூம் உண்டு, எல்லாச் சாப்பாடும் உண்டு, சீசனில் இரவு பாட்டுச் சத்தமும் உண்டு. அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள் உலகம் முழுக்க இருந்து வரும் இடம். இளம் பிள்ளைகள் கூட்டாக வந்தால் இதுதான் சரி. உல்லைக்குள்ளேயும் வித்தியாசம் இருக்கிறது. பிரதான ரோட்டோரம் உள்ள ரூமில் ஓட்டோச் சத்தமும் ஸ்பீக்கர் சத்தமும் நள்ளிரவு தாண்டியும் கேட்கும். களப்புப் பக்கம் திரும்பிய ஒழுங்கைகளில் தவளைச் சத்தம்தான்.

பொத்துவில் டவுனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அது புரிவதில்லை. வங்கி, மருந்துக்கடை, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ரூம் வாடகையும் குறைவு. சர்க்கரை வருத்தம், பிரஷர் உள்ள பெரியவர்களோடு வருகிறவர்கள் டவுனில் படுத்துவிட்டு, காலையில் ஓட்டோ பிடித்துக் கடலுக்குப் போவதே புத்தி.

உல்லையிலிருந்து தெற்கே சுமார் 12 கிலோமீற்றரில் பாணமை. தமிழும் சிங்களமும் ஒரே வீட்டுக்குள் கலந்து புழங்கும் ஊர் அது. ஒரு வீட்டில் அப்பாவின் பெயர் ஒரு மொழியிலும் மகனின் பெயர் மற்ற மொழியிலும் இருப்பது அங்கே அதிசயமில்லை. வயல், குளம், அதற்கப்பால் மணல்மேடு, அதற்கப்பால் கடல். தங்குமிடம் கொஞ்சம்தான். எட்டு மணிக்கு ஊர் படுத்துவிடும். சத்தமே வேண்டாம் என்பவர்களுக்கும், விடியக் குமணைக்குப் போகிறவர்களுக்கும் பாணமையை விட நல்ல இடம் இல்லை.

உகந்தை பாணமைக்கும் தெற்கே, காட்டோரம். முருகன் கோயில், வள்ளியம்மன் மலை, சின்னக் குடா, மீன்பிடி வாடிகள், குமணைத் தேசியப் பூங்காவின் வாசல். கோயில் மடத்தில் யாத்திரிகர் தங்குவார்கள். சுற்றுலா என்ற நினைப்போடு அங்கே படுக்கப் போகாதீர்கள்.

சரி, எந்த மாதம்?

எதற்காக வருகிறீர்கள் என்று சொன்னால்தான் மாதம் சொல்லலாம். கிழக்குக் கரையின் காலக்கணக்கு கொழும்புப் பக்கத்துக்கு நேர் எதிர். அங்கே மழை கொட்டும் மே, ஜூனில் இங்கே வெயில் காய்கிறது. இங்கே மாரி பெய்யும் நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை வாடைக்காற்றில் கடல் கரைக்கு ஏறி வரும்.

பறவைக்காக என்றால் இரண்டு காலம். ஏப்ரல் முதல் ஜூலை வரை குமணை வில்லில் (வில் என்றால் ஆழமில்லாத இயற்கை நீர்நிலை) கூடு கட்டும் காலம்: மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் கண்ணா மரங்களில் அடுக்கடுக்காக இருக்கும். கும்புக்கன் ஆற்றுத் தண்ணீர் ஏறி இறங்கும் அந்த வில், 1938இலேயே பறவைகள் சரணாலயம் ஆக்கப்பட்ட இடம். போர்க்காலத்தில் 1985இல் மூடிய பூங்காவை 2003இல்தான் திரும்பத் திறந்தார்கள். மற்றக் காலம் ஜனவரி, பெப்ரவரி. வடக்கிலிருந்து வந்த வலசைப் பறவைகள் அப்போது நிற்கும், காடு பச்சைப்பசேல் என்றிருக்கும், ஜீப்புகள் குறைவு. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது. யாரும் கேட்பதில்லை.

யானைக்காக என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை. காட்டுக்குள் நீர்க்குழிகள் வற்ற வற்ற லகுகலைக் குளத்துக்கு இறங்கி வரும். குளத்தில் நீர் குறைந்த இடத்தில் முளைக்கும் பேருப் புல்லுக்குத்தான் அந்த வரவு. 1980இல் தேசியப் பூங்காவான லகுகலை நாட்டிலேயே சின்னப் பூங்காக்களில் ஒன்று. ரோட்டோரம் நின்றே பார்க்கலாம். நாலரை மணிக்கு வந்து ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டுவிடுங்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

அலைக்காக வருகிறவர்கள் மே முதல் செப்டம்பர் வரை. ஆகஸ்டில் ரூம் விலை உச்சத்தில் நிற்கும்.

ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கச்சான் வீசும். கச்சான் என்றதும் சுருளில் மடித்த வறுகடலை நினைவுக்கு வந்தால் பிழையில்லை, ஆனால் இது மேற்கிலிருந்து வரும் சூட்டுக் காற்று. பத்து மணிக்குத் தொடங்கினால் பின்னேரம் வரை உதடு வெடிக்கும், கண்ணுக்குள் மண் விழும். அந்த மாதங்களில் மதியம் வெளியே சுற்றும் திட்டம் போடாதீர்கள்.

எதற்கென்றும் இல்லை, சும்மா இரண்டு நாள் இருக்க வேண்டும் என்பவர்கள் மார்ச்சில் வாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், குளம் நிறைந்திருக்கும், சீசன் விலை ஏறியிருக்காது. உல்லையில் பாதிக் கடை அப்போது பூட்டித்தான் கிடக்கும். அதுவும் ஒரு சுகம்.

நவம்பர், டிசம்பரில் வந்தால்?

லீவு அப்போதுதான் கிடைக்கிறது என்று வருகிறவர்கள் உண்டு. வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1978இல் மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட சூறாவளி நவம்பர் 23இல் வந்தது என்பதை எங்கள் வீடுகளில் இன்றும் திகதியோடு சொல்வார்கள். அந்த மாதத்தில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் புறப்படக் கூடாது. தாழ்பாலங்களுக்கு மேலால் வெள்ளம் பாயும்போது பாணமையில் இருந்தால் அங்கேயே இருக்க வேண்டியதுதான். டவுனில் ரூம் எடுங்கள், ஒரு நாள் கூடவே லீவு போடுங்கள்.

கடலில் குளிக்கலாமா?

உல்லைக் குடாவுக்குள், வள்ளங்கள் இழுத்து வைத்திருக்கும் பக்கம், மே முதல் செப்டம்பர் வரை குளிக்கலாம். குடாவைத் தாண்டிய திறந்த கரைகளில், குறிப்பாகப் பாணமைக் கரையில், இடுப்பளவு தண்ணீரிலேயே இழுப்பு இருக்கும். நீந்தத் தெரியும் என்ற தைரியம் அங்கே உதவாது. மாரியில் எந்தக் கரையிலும் வேண்டாம்.

ஒரு சுலபமான அடையாளம்: கரையில் வாடி போட்டு, வள்ளம் காலையில் போய்ப் பகலில் திரும்பினால் கடல் சுமுகம். வள்ளங்களை மேட்டுக்கு ஏற்றித் தென்னையில் கட்டியிருந்தால் நீங்களும் மேட்டிலேயே இருங்கள். சந்தேகம் என்றால் வலை பொத்திக்கொண்டு இருக்கும் யாரிடமாவது, "அண்ணன், இண்டைக்குக் கடல் எப்படி?" என்று கேட்டால் போதும், உங்களைத் தடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

களப்பில், குளத்தில், ஆற்றுவாயில் காலே நனைக்க வேண்டாம். முதலை. உல்லைக்குத் தெற்கே முதலைப் பாறை என்றே ஓர் இடம் இருக்கிறது. 2017இல் அந்தப் பக்கக் களப்பில் ஒரு வெளிநாட்டு இளைஞர் முதலையிடம் உயிரை விட்டார். கை கழுவப் போனவர் என்றுதான் அப்போது செய்தி வந்தது.

ரூம் எடுக்க முன் என்ன பார்க்க வேண்டும்?

படத்தைப் பார்த்துக் காசு கட்டியவர்கள் பிறகு என்னிடம் சொல்லி அழுவது பெரும்பாலும் தண்ணீரைப் பற்றித்தான். கரையோரக் கிணறுகளில் கோடை முற்ற முற்ற உவர் ஏறும். என் மச்சாள் ஒரு ஓகஸ்டில் நல்ல விலை கொடுத்து எடுத்த அறையில், பிள்ளையின் தலையில் ஷாம்பூ பூசினால் நுரையே வரவில்லை, தலைமயிர் கயிறு மாதிரி முறுகிப் போனது. மூன்று நாளும் குடிதண்ணீர்ப் போத்தலால் தலை கழுவினார்கள். அதனால் போனில் கேட்கிற முதல் கேள்வி: "குளிக்கிற தண்ணி கிணறா, பைப்பா? சவுக்காரம் நுரைக்குமா?" நேர்மையான ஆள் என்றால் சிரித்துவிட்டு உள்ளதைச் சொல்வார்.

அடுத்தது காற்று. ஏசி என்று போட்டிருந்தாலும் கரண்ட் போனால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். யன்னல் கடல் பக்கமா, வலை அடித்திருக்கிறதா என்றும் கேளுங்கள். வலை இல்லாத யன்னலைத் திறந்தால் நுளம்பு, மூடினால் புழுக்கம்.

காட்டோர இடம் என்றால் யானைவேலி எந்தப் பக்கம் ஓடுகிறது, கக்கூஸ் அறைக்குள்ளா வெளியிலா என்று கேளுங்கள். வெளியில் என்றால் இரவில் டோர்ச்சோடு முற்றம் கடக்க வேண்டும். குடில் முற்றத்தில் பலாப்பழமோ வாழைக்குலையோ கட்டித் தொங்கவிட்டிருந்தால் அழகென்று படம் எடுக்காதீர்கள், கழற்றி உள்ளே வைக்கச் சொல்லுங்கள். வாசம் அடித்தால் யானை வேலியைக் கணக்கெடுக்காது.

குரங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாணமையில் ஒருதரம் வராந்தாக் கொடியில் காய்ந்த என் கால்சட்டைப் பையிலிருந்து பல்தேய்க்கும் பசையை எடுத்துக்கொண்டுபோய், மரக்கிளையில் இருந்து மூடியைத் திருகிக் கழற்றியது ஒன்று. கடிக்கவில்லை, திருகித்தான் திறந்தது.

காட்டுக்குள்ளேயே தங்க முடியுமா?

குமணைப் பூங்காவுக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் பங்களாக்களும் முகாம் இடங்களும் உண்டு. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், போயா லீவுகளுக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. சாப்பாட்டுச் சாமான், குடிதண்ணீர் எல்லாம் நீங்களே கொண்டுபோக வேண்டும். பாலைப்பழம் பழுக்கும் ஜூன், ஜூலையில் கரடி மரத்தில் ஏறும். அதைப் பார்க்கிற வாய்ப்புக்காகவே ஒருதரம் போகலாம்.

பூங்காவுக்கு வெளியே, யாரோ தெரிந்தவர் காட்டோரம் கூடாரம் அடித்துத் தருகிறார் என்றால் போகாதீர்கள். அவ்வளவுதான்.

ஆடிவேல் காலத்தில் வரலாமா?

பக்தியோடு என்றால் அதைவிட நல்ல காலம் இல்லை. கதிர்காமத்து ஆடித் திருவிழாவுக்காக யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் வேல் எடுத்து, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக நடந்து வருகிறவர்கள் உகந்தையில் கூடுவார்கள். காட்டுப்பாதையை ஒவ்வொரு வருடமும் குறித்த நாட்களுக்கு மட்டும்தான் திறப்பார்கள், அந்தத் திகதியை மாவட்டச் செயலகம் அறிவிக்கும். அதற்குள் உகந்தையில் புறப்பட்டு, குமணை, யால வழியாகக் கதிர்காமம். திறக்கும் நாளுக்கு முந்திய இரவு உகந்தை மணலில் பாய் விரிக்க இடமிருக்காது. அன்னதானச் சோறு, பூசணிக்காய்க் கறி, பருப்பு, எங்கும் அரோகரா.

சுற்றிப் பார்க்க மட்டும் வருகிறவர்கள் அந்த இரண்டு வாரமும் பாணமையைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பாதை நெரிசல், தண்ணீருக்குத் தட்டுப்பாடு, பூங்காவின் அமைதியும் இராது. உகந்தையில் மச்சம் மாமிசம் கூடாது என்பதையும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஒரு வேனுக்குள் கோழிப் பொரியல் பார்சலோடு வந்தவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆடி அமாவாசைக்குத் தீர்த்தம் என்றால் உகந்தை வரை போகாமலே திருக்கோவில் சித்திரவேலாயுதர் கோயில் கடற்கரையில் ஆடலாம். அந்த நாளில் அக்கரைப்பற்று முதல் பொத்துவில் வரை பஸ்ஸில் நிற்கவும் இடமிராது.

எப்படி வருவது?

பொத்துவிலுக்கு ரயில் இல்லை. கொழும்பிலிருந்து மொனராகலை வழியாக நேரடி பஸ் உண்டு, 300 கிலோமீற்றருக்கு மேல், இரவு ஏறினால் விடியக் கொண்டுவந்து விடும். யாழ்ப்பாணம், திருகோணமலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் மட்டக்களப்புக்கு வந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாக இறங்கலாம். மட்டக்களப்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பொத்துவிலிலிருந்து பாணமைக்கு பஸ் இருக்கிறது, ஆனால் எண்ணி ஒரு சிலதான், பின்னேரத்தைத் தவறவிட்டால் ஓட்டோ. உகந்தைக்குத் திருவிழாக் காலம் தவிர சொந்த வாகனமோ வாடகை வாகனமோ வேண்டும். பெற்றோல் பொத்துவிலில் நிரப்புங்கள், காசும் அங்கேயே எடுங்கள்.

சாப்பாடு?

உல்லையில் இத்தாலிச் சாப்பாடு கூடக் கிடைக்கும், அதற்கு என்னிடம் கேட்க வேண்டாம். பொத்துவில் டவுனில் காலையில் ஆட்டுக்கால் சூப்போடு ரொட்டி, மதியம் சோறும் மீன் ஆணமும். பாணமையில் எருமைத் தயிர்ச் சட்டி வாங்குங்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர், மேலே ஆடை மஞ்சளாகப் படிந்திருக்கும், அதைக் கரண்டியால் கீறினால் கீழே தண்ணீர் ஊறாமல் வெட்டு வெட்டாக நிற்க வேண்டும். ஊறினால் நேற்றையது அல்ல, முந்தாநேற்றையது.

நோன்பு மாதத்தில் பொத்துவில் டவுனில் பகல் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். ரோட்டில் நின்று சாப்பிடாமல் இருப்பது மரியாதை. ஆனால் பின்னேரம் நோன்பு திறக்கும் நேரம் கஞ்சி வாசத்துக்கே ஒரு நாள் கூட நிற்கலாம். வெள்ளிக்கிழமை மதியமும் கடைகள் கொஞ்ச நேரம் பூட்டும்.

யானை எதிரே வந்தால்?

நில்லுங்கள். ஹோர்ன் வேண்டாம், பிளாஷ் வேண்டாம், இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். பின்னுக்கு எடுக்க இடம் இருந்தால் மெல்ல எடுங்கள். வாழைப்பழம் எறியவே எறியாதீர்கள், நீங்கள் எறிந்த பழத்துக்கு அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற எங்கள் பையன் அடிபடுவான்.

எத்தனை இரவு போதும்?

மூன்று. இரண்டு உல்லையிலோ டவுனிலோ, ஒன்று பாணமையில். பாணமை இரவைக் கடைசியில் வையுங்கள். விடிய நாலரைக்கு எழும்பி, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு புறப்பட்டால் ஆறு மணிக்குப் பூங்கா வாசலில் முதல் ஜீப் உங்களுடையது. அந்த இருட்டிலும் யானை இருக்கும்தானே என்று கேட்பீர்கள். இருக்கும். அதனால்தான் பாதை தெரிந்த ஊர் டிரைவரைப் பிடிக்கச் சொல்கிறேன். முதல்நாள் இரவே பேசி வையுங்கள். எட்டு மணிக்கு முன், அவர் படுத்துவிடுவார்.